ஆணையம் பிடித்த எலி

பொறாமை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் வடிகட்டி சாருக்குக் கோபம் வந்துவிடும். "எனக்கென்னங்க பொறாமை? நல்லா இருக்கட்டும்" என்பார். அவர் 'நல்லா இருக்கட்டும்' என்று சொல்கிற தொனியைக் கேட்டபின் எதிராளி நல்லா இருந்தால், அது எதிராளியின் கெட்டிக்காரத்தனம்.

அவர் ஒரு கல்லூரியில் உயிரியல் மாணவர்களுக்குச் சிறுநீரகம் நடத்துகிறவர்; பெயர் பிள்ளைகள் வைத்தது. இருபது வருடத்துக்கு மேலாக அதே பாடம், அதே அறை, மேஜைமேல் அதே பிளாஸ்டிக் சிறுநீரகம். அதன் கீழே தொங்கும் குழாய் என்றோ உடைந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துவிட்டது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தையெல்லாம் உடம்புக்கே திருப்பித் தருகிற நாணயஸ்தன் உலகத்தில் வேறு யார் என்று கேட்பார். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், கொஞ்சம் வெளிய போயிட்டு வரட்டுமா?" என்று கேட்பான். பாடம் யாரையாவது எட்டியது என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்கும்.

அந்தப் பக்கத்து அறையில் இருப்பவர் மேகம் சார். மலைகள் மழையை எப்படிப் பங்கு போடுகின்றன, அந்தப் பங்கைப் பொறுத்து எந்தச் செடி எங்கே முளைக்கிறது, எந்தப் பிராணி எங்கே பிழைக்கிறது என்பது அவர் பாடம். வெறும் சக ஆசிரியர் என்றால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மேகம் சாரோ வடிகட்டி சாருக்குச் சகலை. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். சகலையை வெறுப்பதென்றால் அதற்கும் வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மேகம் சார் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் கல்லூரி முதல்வரின் அறை வாசலில் நின்று, "நம்ம பையன்தான் சார், நல்ல பையன்" என்று சிபாரிசு செய்து உள்ளே நுழைத்தவரே வடிகட்டி சார்தான். சொந்தச் செலவில் சூனியம் என்று சொல்வார்களே, அதை அவர் சம்பளம் போட்டு வைத்துக்கொண்டார்.

கைதட்டலுக்குக் காரணம் ஒரு மலை. தகரத்தாலும் களிமண்ணாலும் மேகம் சார் தன் கையால் செய்த மலை. உச்சியில் ஒரு குழி, அதில் ஐஸ் கட்டி. ஒரு பக்கம் பச்சை வண்ணம், மறுபக்கம் காய்ந்த பழுப்பு. பச்சைப் பக்கத்து அடிவாரத்தில் ஒரு கெட்டில் கொதிக்கும், அதன் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி. ஆவி சரிவில் ஏறும், குளிரும், சொட்டுச் சொட்டாக இறங்கும். பச்சை நனையும். உச்சியைத் தாண்டிப் போகிற காற்றோ கையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போகும் ஊதாரி. மறுபக்கம் இறங்கும்போது சூடு வேறு ஏறி, அங்கே இருக்கிற ஈரத்தையும் துடைத்துவிடும். பழுப்புப் பக்கத்தில் ஒரு சொட்டு விழாது. அதற்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்கள். மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"தண்ணி ஒழுகுற தகரத்துக்கு இவ்வளவு ஆரவாரம்! என் வீட்டுக் கூரை கூடத்தான் ஒழுகுது" என்றார் வடிகட்டி சார் மனைவியிடம்.

"ஒழுகுதுன்னு மூணு மாசமா நானும்தான் சொல்றேன். என் தங்கச்சி வீட்டுல அவரே ஏறி அடைச்சிட்டாராம்."

"அடைப்பான், அடைப்பான். மலை ஏறுறவன், கூரை ஏற மாட்டானா?"

"ஏங்க, அவரு உங்களை என்னங்க பண்ணாரு? பாக்குறப்பல்லாம் 'அண்ணே அண்ணே'ன்னு காலைச் சுத்தி வராரு."

அதுதான் விஷயமே. மேகம் சார் நல்லவர். நேரில் பார்த்தால் எழுந்து நிற்பார், கையில் இருக்கும் டீயை நீட்டுவார், "அண்ணே, உங்க பாடம் மாதிரி வருமா?" என்பார். ஆளைத் திட்டுவதற்கு ஒரு பிடி கொடுக்காமல் நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று வடிகட்டி சாருக்கு வயிறு இன்னும் எரியும். வாயில் "வாங்க சகலை" என்பார். மனதுக்குள் மட்டும் எப்போதும் 'அவன்'தான்.

இப்படி இருக்கும்போதுதான் கல்லூரிக்கு இரட்டிப்பு நீக்க ஆணையம் வந்தது.

கல்வித் துறையில் ஒரே வேலையை இருவர் செய்வது பெருகிவிட்டது என்று மேலிடத்துக்குக் கவலை வந்து அமைத்த ஆணையம் அது. அதற்கு ஒரு தலைவர். தலைவர் செய்வதையெல்லாம் செய்ய ஓர் இணைத்தலைவர். இருவருக்கும் தனித்தனிக் கார். இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல்வர் இரண்டு காருக்கும் ஓடிக் கதவு திறந்தார்.

"ஒரே வேலையை ரெண்டு பேர் செய்யறது ஒரு தேசத்தோட சாபம்" என்றார் தலைவர்.

"சாபம்" என்றார் இணைத்தலைவர்.

கல்லூரியின் பாடங்களையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்த ஆணையம் மதிய உணவுக்கு முன்பே ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வடிகட்டி சார் அறையில் தண்ணீர் வருகிறது, பிரிகிறது, ஒரு பகுதி இந்தப் பக்கம் போகிறது, மிச்சம் அந்தப் பக்கம் போகிறது. மேகம் சார் அறையிலும் தண்ணீர் வருகிறது, பிரிகிறது, ஒரு பகுதி இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம். ஆக ஒரே பாடம், இரண்டு அறை, இரண்டு சம்பளம். ஒன்றை நீக்க வேண்டும். நீங்கிய பாடத்தின் ஆசிரியர் விடுதிக் கண்காணிப்பாளராகப் போய், குழாய்களை மூடினார்களா, விளக்குகளை அணைத்தார்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வடிகட்டி சாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சிறுநீரகத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. காலையில் பல் தேய்க்கும்போதுகூட அந்தப் பாடத்தின் ஏதாவது ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருப்பவர். பிள்ளைகள் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்காகத் தூக்கி எறிந்துவிட முடியுமா? அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு குட்டிச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நீங்குவது அவன் பாடமாக இருந்தால்?

மறுநாள் விசாரணை. முதல்வர் அறையில் இரண்டு சகலைகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"சிறுநீரகம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் தலைவர்.

"உயரமா... நீளம் ஒரு பதினொரு சென்டிமீட்டர் வரும்ங்க."

"மலை?"

"ஆயிரக்கணக்கான மீட்டர் வரைக்கும் இருக்குங்க" என்றார் மேகம் சார், அடக்கமாக. அந்த அடக்கத்தைப் பார்த்து வடிகட்டி சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவர் குறித்துக்கொண்டார். இணைத்தலைவரும் அதையே குறித்துக்கொண்டார்.

"உடம்புல சிறுநீரகம் எத்தனை?"

"ரெண்டுங்க."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டா? ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுதா?"

"ஆமாங்க."

"ஒண்ணை எடுத்துட்டா ஆள் பிழைப்பானா?"

பொய் சொல்லத் தெரியாத பாவி வடிகட்டி சார். "பிழைப்பாருங்க. எத்தனையோ பேர் ஒண்ணோட நல்லாவே இருக்காங்க."

"பாத்தீங்களா!" என்றார் தலைவர்.

"பாத்தீங்களா!" என்றார் இணைத்தலைவர்.

"நாங்க வெளியில தேடிக்கிட்டு இருந்தோம். ஆளுக்கு ஆள் வயித்துக்குள்ளேயே இரட்டிப்பு ஒளிஞ்சிருக்கு! இதை இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு வேற சொல்லிக்கொடுத்திருக்கீங்க."

வடிகட்டி சார் முகம் செத்துப்போனது. அப்போது மேகம் சார் குறுக்கே பேசினார். "ஐயா, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு காப்பாத்தும். அது இரட்டிப்பு இல்லைங்க, துணை."

தனக்காக அவன் பரிந்து பேசியது வடிகட்டி சாருக்கு உச்சந்தலையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் எனக்கு வாயில் வரவில்லை?

அடுத்து மலையின் முறை. மலைக்கு இரண்டு பக்கம் இருந்தும் ஒரு பக்கத்தில்தான் மழை என்றால், வேலை செய்யாத பக்கத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் உள்ள மலை கிடையாது என்று மேகம் சார் சொன்னார். "அப்ப விதிவிலக்கு கேட்டு எழுதிக் கொடுங்க, பரிசீலிக்கிறோம்" என்றார் தலைவர். மலைகளுக்கு மறுபக்கம் இருக்க அனுமதி கோரி கல்லூரி அன்றே எழுதிக் கொடுத்தது.

யார் பாடம் இருக்க வேண்டும் என்பதை வகுப்பறையில் பார்த்துத் தீர்மானிப்பதாக ஆணையம் அறிவித்தது. அறிவித்தபின் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. சொந்தப் பாடத்தைச் சொந்த ஆளே நடத்தினா அதுல பாசம் வந்துடும். நடுநிலைமை கெட்டுடும். அதனால சிறுநீரகத்தை மலைக்காரர் நடத்தணும். மலையைச் சிறுநீரகக்காரர் நடத்தணும். எது நல்லா இல்லையோ அந்தப் பாடம் போயிடும். நாங்க எங்க ஆணையத்துலயும் இப்படித்தான். எனக்குக் கல்வி தெரியாது. அதனாலதான் என்னைத் தலைவரா போட்டாங்க."

"என்னையும்" என்றார் இணைத்தலைவர்.

விஷயம் புரிந்ததும் வடிகட்டி சாருக்குக் குப்பென்று வியர்த்தது. தன் பாடத்தின் உயிர் இனி சகலையின் வாயில். சகலை பாடத்தின் உயிர் தன் கையில். அவன் சிறுநீரகத்தை மோசமாக நடத்தினால் இவர் விடுதிக்குப் போக வேண்டும். இவர் மலையை மோசமாக நடத்தினால் அவன் போக வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டைச் சாத்தானால்கூட யோசித்திருக்க முடியாது. அதற்கு ஆணையம் வேண்டும்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. உங்க பாடத்தை என் உயிரைக் கொடுத்து நடத்துறேன்" என்றார் மேகம் சார், தாழ்வாரத்தில்.

"நானும்தான் சகலை" என்றார் வடிகட்டி சார். வாய்தான் சொன்னது.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, என்னமோ திட்டம் போடுறீங்க."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா ஏன் சாப்பிடும்போது சிரிக்கிறீங்க? இந்த வீட்டுல நீங்க சாப்பிடும்போது சிரிச்சே நான் பாத்தது கிடையாது. என் தங்கச்சி குடும்பத்துக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் இந்தக் கூரையை மட்டும் இல்ல, என் வாயையும் நீங்க அடைக்க முடியாது."

திட்டம் எளிமையானது. வகுப்புக்கு முன்பே அறைக்குள் போய்க் கெட்டிலையும் விசிறியையும் தூக்கி மறுபக்கத்தில் வைத்துவிடுவது. பச்சை வண்ணம் பூசிய பக்கம் காயும், பழுப்புப் பாலைவனத்தில் மழை கொட்டும். மலைக்கே புத்தி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் ஒழிந்தது. யாரும் இவரைக் குற்றம் சொல்ல முடியாது. சிறுநீரகக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?

அப்படியே செய்தார். அறை நிறைந்திருந்தது. மேகம் சார் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆணையத்துக்கு நனையாத இடமாகப் பார்த்து, மேஜையின் பழுப்புப் பக்கத்தில் முதல்வர் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். கெட்டில் தங்கள் பக்கமே கொதிப்பதைப் பார்த்துத் தலைவர், தனி மரியாதை என்று நினைத்துத் தலையசைத்தார்.

ஆவி ஏறியது. பழுப்பில் சொட்டுகள் இறங்கின. பச்சைப் பக்கத்து அடிவாரத்தில் தண்ணீர் பிடிக்க மேகம் சார் ஒரு தட்டு வைத்திருந்தார். பழுப்புப் பக்கத்தில் தட்டு கிடையாது. அங்கேதான் மழையே பெய்யாதே? தண்ணீர் சரிவில் ஓடி, மேஜை விளிம்பில் கூடி, தலைவரின் மடியில் இறங்கியது. அங்கிருந்து மிச்சம் இணைத்தலைவரின் மடிக்குப் போனது.

முதல்வர் பதறி எழுந்தார். அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பதால் கேள்வி என்றே அவளுக்குப் பெயர்.

"சார், எப்பவும் பச்சைப் பக்கம்தான பெய்யும்? இன்னைக்கு ஏன் இந்தப் பக்கம் பெய்யுது?"

'மலை தப்பும்மா, இந்தப் பாடமே தப்பு' என்று சொல்லத்தான் வடிகட்டி சார் வந்தார். வாயைத் திறந்துவிட்டார். ஆனால் இருபது வருடமாக ஒரு பிள்ளையும் அவரிடம் பாடத்தில் கேள்வி கேட்டதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் மனுஷனுக்குப் போட்ட திட்டமெல்லாம் மறந்துபோனது.

"ஏன்னா மலைக்கு ஈரப் பக்கம், காஞ்ச பக்கம்னு சொந்தமா எதுவும் கிடையாதும்மா" என்றார். "பச்சைப் பெயிண்ட் நாம அடிச்சது. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து ஈரத்தைக் கொண்டு வருதோ அந்தப் பக்கம் மழை. மேல ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தா ஆவியை அதால தூக்கிச் சுமக்க முடியாது, கொட்டிடும். அந்தப் பக்கம் போறப்ப அது வெறுங்கைக் காத்து. காத்து திசை மாறினா மலையும் கட்சி மாறிடும். சில ஊர்ல பருவத்துக்குப் பருவம் இப்படித்தான்."

கெட்டிலையும் விசிறியையும் அவரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். மழை இந்தப் பக்கம், மழை அந்தப் பக்கம். பிள்ளைகள் குடையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கைதட்டல் எழுந்தது. சுவருக்கு மறுபக்கத்தில் இருந்தபடி கேட்டுப் பழகிய அந்தக் கைதட்டல், அதன் நடுவில் நின்று கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு பார்த்தால், கடைசி வரிசையில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தவர் மேகம் சார்.

"ஒரு பாடம் எங்க வரைக்கும் வந்து சேர்ந்தது இதுதான் முதல் தடவை" என்றார் தலைவர், மடியைப் பிழிந்துகொண்டே.

அடுத்தது சிறுநீரகம். வடிகட்டி சார் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மலையைக் காப்பாற்றிக் கொடுத்த முட்டாள்தனத்துக்கு இப்போது விலை கொடுக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டார். அவன் என்ன செய்யப்போகிறான்? மோசமாக நடத்தினால் பாடம் போய்விடும். நன்றாக நடத்தினால்? அதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மேகம் சார் பிளாஸ்டிக் சிறுநீரகத்தைத் தொடவே இல்லை. நேராக இணைத்தலைவரிடம் போய், "ஐயா, உங்க பையைக் கொஞ்சம் தர முடியுங்களா?" என்று பணிவாகக் கேட்டு வாங்கி, மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு கண்ணாடி, இரண்டு சீப்பு, ஒரே மாதிரி இரண்டு ரப்பர் முத்திரை, பாதி தின்ற பிஸ்கட், ஒரு டப்பா வயிற்றுவலி மாத்திரை, அதே மாத்திரை இன்னொரு டப்பா.

"குப்பை எதுன்னு தேடித் தேடி எடுத்துப் போடுறது கஷ்டம். சிறுநீரகம் அந்த வம்புக்கே போகாது. பெரிசா இருக்குற ரத்த அணுவையும் புரதத்தையும் மட்டும் உள்ள நிறுத்திக்கிட்டு, மத்ததை எல்லாம் முதல்ல வெளிய கொட்டிடும். தண்ணி, உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம். அப்புறம் குழாய் நெடுகப் போகப் போக வேணுங்கிறதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி உள்ள எடுத்துக்கும்." ஒவ்வொன்றாகப் பையில் திரும்பப் போட்டார். ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு முத்திரை. மிச்சம் மேஜையிலேயே கிடந்தது. "இதுதான் ஐயா, வெளிய போறது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இணைத்தலைவரும், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்தார்.

இது என் பாடம், என்று வடிகட்டி சாரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் பாடத்தில் சிரிப்பு வருமா? இத்தனை நாளும் அது எங்கே இருந்தது?

பிறகு மேகம் சார் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம மலைக்கு அந்தப் பக்கம், மழை எட்டாத இடத்துல ஒரு எலி இருக்கு. தண்ணியே குடிக்காது. தின்னுற காஞ்ச விதையிலேர்ந்து உடம்புக்குள்ள உண்டாகுற கொஞ்ச ஈரத்தை வெச்சே வாழ்ந்துடும். எப்படி? சிறுநீரகத்துக்குள்ள கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு இருக்கு. நமக்கும் இருக்கு. அந்த எலிக்கு அதோட உடம்புக்கு அந்த வளைவு ரொம்ப நீளம். நீளமா இருக்க இருக்க, உள்ள உப்பு அடர்த்தி ஏறும். உப்பு ஏற ஏறத் தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்துக்கலாம். மலை மழையைத் தடுத்துச்சு. தலைமுறை தலைமுறையா, வளைவு நீளமா இருந்த எலிதான் அங்க தாக்குப்பிடிச்சுது. இந்த எலியைப் பத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்க அண்ணன்தான், அதோ பின்னாடி உட்கார்ந்திருக்காரே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிகட்டி சார் குனிந்துகொண்டார்.

அந்த எலியை அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். அதன் வளைவு, உப்பு, சிறுநீரின் அடர்த்தி எல்லாம் தலைகீழாகச் சொல்லுவார். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் எலி. ஆனால் அது ஒரு மலைக்குப் பின்னால் இருக்கிறது, அந்த மலை சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இருக்கிறது என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அந்தச் சுவரை அவர் கைதட்டல் கேட்பதற்கு மட்டுமே பயன்படுத்தினார். என் எலியை என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டானே என்று அவருக்கு அழுகை வந்தது. அழவும் முடியவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் எழுந்தது. சிறுநீரகத்துக்குக் கைதட்டல். அவரும் தட்டினார். தட்டாமல் எப்படி?

மறுநாள் அரங்கில் தீர்ப்பு. தலைவர் எழுந்தார்.

"இந்த ரெண்டு பாடமும் நல்லா இருந்துச்சு. ஏன் நல்லா இருந்துச்சுன்னு ஆணையம் ஆராய்ஞ்சுது. காரணம் ஒண்ணுதான். நடத்தினவருக்கு அது சொந்தப் பாடம் இல்ல. பாடம் தெரிஞ்சவங்க நடத்தினா எங்களுக்குப் புரியறதில்ல. எங்களுக்குப் புரியாத பாடம் எப்படித் தரமான பாடமா இருக்க முடியும்? அதனால ரெண்டு பாடமும் இருக்கட்டும். ஆசிரியர்கள் நிரந்தரமா இடம் மாறிக்கட்டும். இனிமே மலை இவருக்கு, சிறுநீரகம் அவருக்கு. அவங்க பாடத்தைக் கத்துக்கிட்டாங்கன்னு எங்களுக்குச் சந்தேகம் வந்தா, திரும்ப மாத்துவோம்."

இணைத்தலைவர் எழுந்து, இதையே முதலிலிருந்து படித்தார். முதல்வர் இரண்டு முறையும் கைதட்டினார்.

"ஆனா" என்றார் தலைவர், "இரட்டிப்பு இல்லவே இல்லைன்னு ஆணையம் வெறுங்கையோட போக முடியாது. ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம். அந்த எலி. மலைப் பாடத்துலயும் வாழுது, சிறுநீரகப் பாடத்துலயும் வாழுது. ஒரு எலி ரெண்டு இடத்துல வாழறது விதிக்குப் புறம்பு. எலியைச் சிறுநீரகத்துக்கே ஒதுக்கியிருக்கோம். மலைப் பாடம் மலை அடிவாரத்தோட நின்னுடணும். எலியைப் பத்தி அங்க வாயைத் திறக்கக் கூடாது."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லி வைத்தார்கள். ஆணையம் அதை அப்படியே நடத்திக் காட்டிவிட்டு, இரண்டு காரில் ஏறிப் போனது. இந்தத் தீர்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இதே போல் இன்னோர் ஆணையம் பின்னால் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனது.

அக்காவும் தங்கையும் அன்று மாலை ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரித்தார்கள். யாருக்கும் விடுதி இல்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. "இனிமேலாவது உங்களுக்கு அந்தக் காய்ச்சல் விடும். ஆசைப்பட்ட மலை கிடைச்சிடுச்சுல்ல?" என்றாள் மனைவி.

கிடைத்துவிட்டது. தினமும் காலையில் அவர் உச்சிக் குழியில் ஐஸ் வைக்கிறார். கெட்டில் கொதிக்கிறது, மழை பெய்கிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் அவரையே மேகம் சார் என்கிறார்கள். பழைய மேகம் சார் இப்போது வடிகட்டி சார் ஆகிவிட்டார்.

ஒரு நாள் நம் வடிகட்டி சார் தன் பழைய அறையின் வாசல் வழியாகப் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் சிறுநீரகத்தின் குழாய்க்குச் சகலை புது டேப் ஒட்டியிருந்தார். ஒழுங்காக, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவருக்கு அன்று டீ இறங்கவில்லை. என் சிறுநீரகத்துக்கு அவன் யார் டேப் ஒட்ட?

நேற்றும் வகுப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பச்சைப் பக்கம் நனைந்தது. பழுப்புப் பக்கத்தைக் காட்டி, "இங்க ஒரு சொட்டு கிடையாது. இதுக்கு மழை மறைவுப் பகுதின்னு பேரு" என்றார். கேள்வி எழுந்தாள். போன வருடம் இதே மலையைப் பார்த்தது போதாது என்று, பிடிவாதமாக மறுபடியும் இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பவள்.

"சார், அந்தப் பக்கம் அந்த எலி இருக்குமே, தண்ணியே இல்லாம அது எப்படி சார் உயிரோட இருக்கு? வளைவு நீளம்னா உப்பு ஏன் ஏறுது? அது மட்டும் எனக்கு இன்னும் புரியல."

வடிகட்டி சாருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது வருடம் ஒவ்வொரு காலையும் பல் தேய்த்துக்கொண்டே திருத்தித் திருத்தி வைத்த வரிகள் அத்தனையும் வரிசைகட்டி வந்து நின்றன. இத்தனை காலம் அவர் காத்துக்கிடந்த கேள்வி. கேட்பதற்கு ஆள் இல்லாமல் அறையே தூங்கிய கேள்வி.

கதவோரம் முதல்வர் நின்றுகொண்டிருந்தார். இன்னோர் ஆணையம் எந்த நேரமும் வரலாம்.

"அது பக்கத்து ரூம் பாடம்மா" என்றார் வடிகட்டி சார். கெட்டிலை அணைத்தார். ஆவி அடங்கும்வரை தலை நிமிரவில்லை. "அங்க போய்க் கேளு. அவரு நல்லா சொல்லித் தருவாரு."

சுவருக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.